பட்டறிவு பாடமாகுமா?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் காவல், தீயணைப்பு சார்ந்த படிப்புகளை நடத்துகிறவர்களில் பலர் பேராசிரியர் மரபில் வந்தவர்கள் அல்லர். இருபது, முப்பது ஆண்டு களத்தில் நின்று ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகளும் தீயணைப்புப் படைத் தலைவர்களும்தான். அந்த ஆண்டுக்கணக்கே அவர்களுடைய தகுதியாகவும் முன்வைக்கப்படுகிறது. களத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை அரைகுறையானது என்பது என் வாதம். அரிஸ்டாட்டிலே இதில் இரண்டு திசைகளில் பேசுகிறார். இளைஞன் கணிதத்தில் தேறலாம். ஆனால் எப்போது எது செய்யத்தக்கது என்று காணும் விவேகம் அவனுக்கு வராது, அதற்குக் காலம் வேண்டும் என்கிறார் ஓரிடத்தில். இன்னோரிடத்தில், அனுபவசாலிக்கு ‘இது இப்படி’ என்று தெரியும், ‘ஏன் இப்படி’ என்பது தெரியாது. கற்றுத்தர முடிவதே அறிந்ததற்கு அடையாளம் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு சிக்கல் எழுகிறது: காலம் மட்டுமே தருகிற ஒன்றை, காலம் இன்னும் வராதவனுக்கு எப்படித் தருவது?

1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானா மாநிலத்தின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் நடந்ததை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்க்க வேண்டும். காட்டுத்தீயை அணைக்க 15 வீரர்கள் பாராசூட்டில் இறங்கினார்கள். அங்கிருந்த வனக்காவலர் ஒருவரும் சேர்ந்துகொள்ள, மொத்தம் 16 பேர். எதிர்ச்சரிவில் இருந்த தீ பள்ளத்தாக்கைத் தாண்டி, இவர்களுக்குக் கீழே காய்ந்த புல்லைப் பற்றிக்கொண்டு மேலேறி வந்தது. மனிதன் ஓடும் வேகத்தைவிட அது விரைவு. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னாலிருந்த புல்லுக்கே நெருப்பு வைத்தார். எரிந்து தீர்ந்த இடத்தில் மறுபடி எரிய எதுவும் இராது. அந்தச் சாம்பலில் படுத்துக்கொண்டால் பெருந்தீ சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே வரச்சொல்லி ஆட்களை அழைத்தார். ஒருவரும் வரவில்லை. 13 பேர் மாண்டார்கள். இருவர் பாறை இடுக்கு வழியே முகட்டைத் தாண்டித் தப்பினார்கள். டாட்ஜ் சாம்பலில் படுத்துப் பிழைத்தார்.

ஓடியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. முதுகில் தீ துரத்தி வரும்போது முன்னால் நெருப்பு மூட்டுகிற தலைவனைப் பார்த்தால் யாருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் தோன்றும். போதாக்குறைக்கு, அவர்களில் பலரோடு டாட்ஜ் அதற்குமுன் சேர்ந்து வேலை செய்ததுமில்லை. புல்வெளி நிலத்து மக்களிடையே இந்த உத்தி முன்பே இருந்தது. ஆனால் டாட்ஜுக்கு அதை யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்தக் கணத்தில் தாமே கண்டுபிடித்தார். அனுபவம் அவருக்கு அறிவைத் தந்தது. அந்த அறிவுக்குரிய காரணத்தைப் பிறருக்குச் சொல்ல அவகாசம் தரவில்லை. காரணம் புரியாத கட்டளை, உயிர் போகும் நேரத்தில் வெறும் கூச்சல். ஆகவே காரணத்தைப் பேச வேண்டிய இடம் களம் அல்ல. அவசரமில்லாத, கேள்வி கேட்கலாம் என்ற உரிமை இருக்கிற ஓர் இடம் வேண்டும். வகுப்பறைக்கான நியாயம் இதுதான். பிற்காலத்தில் தீயணைப்பு வீரர்களுக்கான பாடத்தில் மான் கல்ச் இடம்பெற்றதும் உண்டு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் களத்துக்காரர்கள். தேர்ந்த கை தானாக அறிவதைச் சொல்லில் வடிக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. ஓரளவு உண்மை. ஆனால் 1980களில் கேரி க்ளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புத் தலைவர்களை உட்காரவைத்துத் துருவிக் கேட்டபோது வேறொன்று தெரிந்தது. எரியும் வீட்டிலிருந்து தம் ஆட்களைச் சட்டென்று வெளியேற்றிய ஓர் அதிகாரி, ஏதோ உள்ளுணர்வு எச்சரித்தது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆட்கள் வெளியே வந்ததும் தரை உள்வாங்கியது. உண்மையான தீ அடித்தளத்தில் இருந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல அந்த ‘உள்ளுணர்வு’ மூன்று அடையாளங்களாகப் பிரிந்தது: தண்ணீருக்குத் தீ அடங்கவில்லை, அறையின் வெக்கை அளவுக்கு மீறியிருந்தது, இரைச்சல் மட்டும் குறைவாக இருந்தது. இவற்றைப் பத்தொன்பது வயது மாணவனுக்கும் சொல்லித்தரலாம். அனுபவசாலிக்குத் தம்மிடம் என்ன இருக்கிறது என்பது, கேள்வி கேட்க ஆள் இருந்தால்தான் தெரிகிறது.

மறுபக்கத்து ஆட்சேபம் இன்னும் கடுமையானது. போலீஸ் கல்வி பற்றிக் குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மன் எழுதி 1978இல் வெளிவந்த ஆணைய அறிக்கை, ஆசிரியர் நியமனத்தில் துறை அனுபவத்தைவிடக் கல்வித்தகுதிக்கும் கற்பிக்கும் திறனுக்கும் முதலிடம் தரச் சொன்னது. வீரதீரக் கதைகளோடு வகுப்பு முடிந்துவிடும் என்ற அச்சம் அன்று பரவலாக இருந்தது. இன்றும் அது பொய்யில்லை. ஆனால் கதை குற்றமல்ல. டாட்ஜின் கதையைவிடச் சிறந்த பாடம் எது? கேள்வி கேட்க இடம் விடாத கதைதான் குற்றம். கற்பிக்கும் திறன் பட்டத்தோடு மட்டும் வருவதுமில்லை. அதிகம் பள்ளிப்படிப்பில்லாத ஆகஸ்ட் வோல்மர், பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்து, பிறகு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகி, போலீஸ் கல்விக்கு அடித்தளமிட்டார்.

எனக்கே தொந்தரவு தருகிற ஆட்சேபம் வேறு. அனுபவம் நல்லதை மட்டுமா பழக்குகிறது? 2020 மே மாதம் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்தியிருந்த போலீஸ் அதிகாரி டெரெக் ஷாவின் 19 ஆண்டு அனுபவசாலி. புதியவர்களுக்குக் களப்பயிற்சி தரும் பொறுப்பிலும் இருந்தவர். கூட இருந்த அதிகாரிகளில் இருவர் பயிற்சி முடித்துப் பணிக்கு வந்து சில நாட்களே ஆனவர்கள். அவர்களில் ஒருவர், ஆளைப் பக்கவாட்டில் திருப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் மூத்தவர். இளையவர் அதை மீறிச் செயல்படவில்லை. ஷாவின் கொலைக்குற்றவாளி ஆனார். அந்த இளையவர்களும் சிறைக்குப் போனார்கள். மான் கல்ச்சில் மூத்தவர் சொன்னதைக் கேட்காததால் உயிர்கள் போயின. இங்கே கேட்டதால் போயிற்று. எந்த மூத்தவரை நம்புவது என்று அந்த நிமிடத்தில் எந்த விதியும் சொல்லித்தராது. மூத்தவரிடம் காரணம் கேட்டுப் பழகிய இளையவனுக்கு மட்டுமே அதைப் பிரித்தறியும் வாய்ப்பு உண்டு.

அதனால்தான் இந்தப் படிப்பு துறையின் பயிற்சிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது; சல்யூட் அடிக்கத் தேவையில்லாத கல்லூரியிலும் நடக்க வேண்டும் என்கிறேன். அங்கே வருகிற முன்னாள் அதிகாரி தம் பதவியை வாசலில் விட்டுவிட்டு, ‘நீங்கள் செய்தது சரிதானா?’ என்று கேட்கும் மாணவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நியமனக் குழுவினர் அவரிடம் எத்தனை ஆண்டு பணி என்று கேட்பதோடு, தாம் தவறாக எடுத்த ஒரு முடிவை எடுத்து அதன் காரணங்களை மாணவர் முன் விளக்கும்படியும் கேட்கட்டும். அதற்கு மறுப்பவர் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் ஆசிரியர் வேலைக்கு உகந்தவர் அல்லர்.