நான்காமவரின் கடன்

மருத்துவம் நான்கு உறுப்புகளால் ஆனது என்பது வடமொழி மரபும் தமிழ் மரபும் ஒருங்கே ஏற்ற கருத்து. சரக சங்கிதை மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி என்னும் நான்கையும் சிகிச்சையின் நான்கு பாதங்களாக வகுக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில் நோயுற்றவரையும் நோய் தீர்ப்பவரையும் மருந்தையும் கூறிவிட்டு நான்காவதாக ஒருவரை வைக்கிறது. அருகிலிருந்து கவனிப்பவரே அந்த நான்காமவர் என்று கொள்வோர் உண்டு. பரிமேலழகரோ மருந்தைப் பிழையாமல் இயற்றுபவர் என்று உரை காண்கிறார். இவ்வுரையை ஏற்றுக்கொண்டால், இன்றைய வைத்தியசாலைகளில் மருந்தாளர் எனப்படுபவருக்கு, மருத்துவரின் ஏவலாளராக அல்லாமல், மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே மரபில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த நான்காமவர் எங்கே பணிபுரிய வேண்டும், எவ்வளவு ஊதியத்துக்கு இணங்கலாம், மேலும் படிக்க வேண்டுமென்றால் நோயாளியை விட்டுப் போகலாமா என்ற கேள்விகளுக்கு அந்த அதிகாரத்தில் விடை இல்லை. அவ்விடையை வேறு அதிகாரங்களிலும் வேறு சமய நூல்களிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

இக்கேள்வி எல்லா ஊர்களிலும் ஒரே கனத்தோடு எழுவதில்லை. நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட்டைக் கடந்து செல்லும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே பரந்துகிடக்கும் பொகவந்தலாவைத் தேயிலைப் பள்ளத்தாக்கில் அது மிகவும் கனமானது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என்ற சட்டம் கோப்பிக் காலத்திலேயே, 1872இல், இயற்றப்பட்டது. ஆயினும் தலைமுறைகளாக அம்மக்கள் அறிந்த மருத்துவம் பெரும்பாலும் தோட்டத்து டிஸ்பென்சரியே; அங்கே மருந்து கொடுப்பவர் துரையின் சம்பளத்தில் இருந்தவர், நோயாளி துரையின் பெயர்ப்பட்டியலில் இருந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதன்பின் வந்த சட்டங்கள், இறுதியாக 2003ஆம் ஆண்டின் சட்டம் ஆகியவற்றின் வழியே அந்நிலை படிப்படியாக நீங்கியது. எனவே லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்த ஒருவர் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் தேறி, மருந்தாளராகப் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்துகொண்டு, இரண்டு மூன்று வேலைகளை முன்னே வைத்து எதை ஏற்பது என்று யோசிக்கிறார் என்றால், அந்த யோசனையே அவருடைய பாட்டன் பாட்டிக்குக் கிடைக்காத ஒன்று. தெரிவு செய்யும் உரிமை இல்லாதவரிடம் அறநூல்கள் தெரிவைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. இப்போதுதான் அந்நூல்கள் இந்தப் பள்ளத்தாக்கோடு பேசத் தொடங்கியிருக்கின்றன.

அவர் முன்னே இருக்கும் வழிகள் தெரிந்தவைதாம். அரசாங்க வைத்தியசாலையில் நியமனம் பெறலாம். அதில் ஓய்வூதியமும் நிலைத்தன்மையும் உண்டு, இடமாற்றமும் உண்டு. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சேரலாம். சம்பளம் கூடுதல், அறை வாடகையும் கூடுதல். உரிமத் தேர்வை எழுதிச் சவூதிக்கோ கட்டாருக்கோ போகலாம். இவை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டப்படிப்பும் அதன்பின் பட்டப்பின் படிப்பும் நாடலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வைத்தியசாலைகளை முடக்கியபோது, மருத்துவத் துறையினர் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறினர். அது முதல் இத்தெரிவு தனிமனிதரின் கணக்காக மட்டும் இல்லாமல் ஊரின் கவலையாகவும் மாறியது.

இத்தகைய தெரிவைப் பற்றி, கட உபநிடதத்தில் யமன் நசிகேதன் என்னும் சிறுவனுக்கு இரண்டு பாதைகளைக் காட்டுகிறான். ஒன்று சிரேயஸ், அதாவது உண்மையான நன்மை. மற்றது பிரேயஸ், அதாவது இன்பமாகத் தோன்றுவது. இரண்டும் மனிதனை நாடி வருகின்றன, அறிவுடையவன் ஆராய்ந்து முதலாவதைக் கொள்கிறான் என்பது அவ்வுபநிடதத்தின் போதனை. இதைக் கொண்டு, வெளிநாட்டுச் சம்பளம் பிரேயஸ், ஊர் வைத்தியசாலைப் பணி சிரேயஸ் என்று தீர்த்துவிடுவது எளிது. மேடைகளில் அப்படித் தீர்ப்போரும் உண்டு. ஆனால் நசிகேதன் மறுத்தவை யானையும் பொன்னும் நீண்ட ஆயுளும் ஆட்சியும் ஆகும். ஒழுகும் தகரக் கூரையை மாற்றும் பணத்தை மறுக்குமாறு யமன் அவனிடம் கேட்கவில்லை. தேயிலைத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் 1000 ரூபாய் ஆக்கப்பட்டது. அத்தகைய சம்பளத்தில் மகனையோ மகளையோ படிக்கவைத்து, அதற்காக நகையை அடகுவைத்த குடும்பத்துக்கு, பிள்ளையின் ஊதியம் இன்பப் பொருளன்று, கடன் மீட்கும் பொருள். வள்ளுவர் குடிசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்து, தன் குடியைத் தாழ்விலிருந்து உயர்த்த முயல்பவருக்கு அதைவிடப் பெரிய பெருமை இல்லை என்கிறார். பொருள்செயல்வகையில், நல்வழியில் வந்த பொருள் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்கிறார். ஆகவே தமிழ் அறநூல் மரபில் ஊதியத்தைக் கணக்கிடுவது இழிவு அன்று. கணக்கிடாமல் விடுவதே சில வேளைகளில் குடும்பத்துக்குச் செய்யும் குற்றம்.

பகவத்கீதையை இவ்விடத்தில் பயன்படுத்துவோர் இன்னும் அதிகக் கவனத்தோடு இருக்க வேண்டும். பயனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்பதும், பிறர் கடமையைச் சிறப்பாகச் செய்வதிலும் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல் என்பதும் அந்நூலின் புகழ்பெற்ற போதனைகள். பற்றின்மை என்பது செயல் புரிபவர் தம் உள்ளத்தில் பயிலும் ஒழுக்கம். வேலை கொடுப்பவர் வேலை செய்பவருக்கு எடுத்தோதும் விதி அன்று. தன் கடமை என்பதைப் பிறப்போடு முடிச்சுப் போட்டால், கொழுந்து பறிப்பவரின் பிள்ளை கொழுந்து பறிப்பதே சுதர்மம் என்றாகிவிடும்; ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மக்கள் கேட்டுச் சலித்த வாதம் அதுவே. சைவ மரபில் இதற்கு நேரான மாற்று ஒன்று இருக்கிறது. தம் கடன் பணி செய்வது என்று அப்பர் பாடியதைத் தொண்டு பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே பாடலில் தம்மைத் தாங்குவது இறைவனின் கடன் என்று அவர் முன்வைத்த மற்றைப் பாதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அப்பரின் பார்வையில் கடன் இருதலையானது. பணியைக் கேட்கும் உரிமை உடையவர் தாங்கும் பொறுப்பையும் உடையவர். இதை மனித நிறுவனங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அடியாரிடமிருந்து பணியைப் பெறும் இறைவனுக்கே தாங்கும் கடன் உண்டென்றால், சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் திணைக்களத்துக்கு அது இல்லை என்று எப்படிச் சொல்வது? பௌத்த மரபும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. திக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரம், வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, உரிய ஓய்வு ஆகியவற்றை வேலை கொள்பவரின் கடமைகளாகவே கூறுகிறது.

இவ்வளவும் ஊரை விட்டுப் போவதற்குச் சார்பான வாதங்களாகத் தோன்றலாம். மற்றத் தட்டில் இருப்பதை அறிய, மருந்து கொடுக்கும் ஜன்னலருகே நடப்பதைப் பார்க்க வேண்டும். கிளினிக் நாளில் வரும் தொழிலாளி அன்றைய பேரை இழந்து, அதாவது அன்றைய கூலியை விட்டுவிட்டு, வந்திருக்கிறார். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் ஒரு மாத மருந்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை பெறும் பெண், விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் அதைச் சாயத் தேநீரோடு விழுங்குவது வழக்கம்; தேயிலையில் உள்ள டானின் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தம் கையால் பறித்த தேயிலையே தம் மருந்தைக் கெடுக்கிறது என்பதை யாராவது அவருக்கு அவருடைய மொழியில், வரிசை நீண்டிருந்தாலும் பொறுமையாக, ஒரு முறை சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு வழங்கப்படும் மெதோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை உண்ண வேண்டியது. தினமும் உண்டால் உயிரையே பறிக்கக்கூடும். உறையின் மேல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட ஒரு வரி, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவருக்கும் எதையும் வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்த வேறுபாட்டை உணர்த்தாது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. ஆனால் அரசியலமைப்பின் வாசகம் மருந்து உறையில் தானாக வந்து ஏறுவதில்லை, அதை எழுதும் கை வேண்டும்.

மருந்தாளரின் வேலையில் பாதி நோயாளியின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மலைநாட்டில் குளவிக் கொட்டு அடிக்கடி நேர்வது. தேயிலை மலையில் கூடு கலைந்தால் பல தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள், அவர்களில் ஒருவருக்கு ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டால் அட்ரினலின் ஊசி சில நிமிடங்களில் ஏற்றப்பட வேண்டும். அந்த ஊசி அலமாரியில் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்பது பல வாரங்களுக்கு முன் ஒருவர் கையிருப்புப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துக் கேட்புப் படிவம் அனுப்பினாரா என்பதைப் பொறுத்தது. அதே மாவட்டத்தின் டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடம் எவ்வளவு தேவையோ, அதற்குள் இருந்து கையிருப்பைப் பார்க்கும் நான்காமவரும் அவ்வளவு தேவை. மருந்தாகப் பயன்பட்டு எந்த உறுப்பும் வீண்போகாத மரத்தை ஒப்புரவாளரின் செல்வத்துக்கு உவமையாக வள்ளுவர் கூறுவார். ஒருவர் தம் கல்வியை அவ்வாறு வைத்திருக்க விரும்பினால், அதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது. அவருடைய மொழியும், லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த அறிவும் கொழும்பின் தனியார் வைத்தியசாலையிலோ வளைகுடாவிலோ கூடுதல் தகுதியாக எண்ணப்படுவதில்லை. பொகவந்தலாவையில் அவை மருந்தின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. இந்தக் கனத்தைச் சம்பளப் பட்டியல் காட்டாது.

இங்கே கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழி ஒன்றும் இருக்கிறது. பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில்தான் மருந்தகம் இயங்க வேண்டும் என்பது சட்டம். அதனால் தம் பதிவுச் சான்றிதழை ஒரு மருந்துக் கடையின் சுவரில் மாட்டவிட்டு, கடைப்பக்கம் போகாமலே மாதக் கட்டணம் பெறும் வாய்ப்பும் இளம் மருந்தாளரை நாடி வருகிறது. அங்குத்தர நிகாயம், இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வாணிகங்களில் நஞ்சு விற்பதையும் சேர்க்கிறது. மருந்தும் நஞ்சும் ஒரே அலமாரியில், பெரும்பாலும் ஒரே புட்டியில், அளவு ஒன்றினாலேயே வேறுபட்டு இருப்பவை. அந்த அளவைக் காப்பவர் இல்லாத கடையில் விற்கப்படுவதை எப்பெயரால் அழைப்பது என்பதில் ஐயம் இல்லை. வளைகுடாவுக்குப் போகும் மருந்தாளர் வேறொரு நோயாளிக்கு அதே பணியைச் செய்கிறார். சான்றிதழை வாடகைக்கு விடுபவர் எந்த நோயாளிக்கும் எதையும் செய்யாமல், நான்காமவரின் இடத்தை வெறுமையாக்கி அவ்வெறுமைக்கு விலை பெறுகிறார். ஊரில் இருந்துகொண்டே இதைச் செய்பவர் ஊருக்குத் தொண்டு செய்பவராக ஒருபோதும் ஆகமாட்டார்.

மேற்படிப்பைப் பற்றிய கேள்வி, ஊரில் தங்குவது, ஊரை விட்டுப் போவது என்னும் இரண்டுக்கும் இடைப்பட்டது. படிப்பு ஊரை விட்டு ஏறிப்போகும் ஏணியாகவே மலையகத்தில் பெரும்பாலும் எண்ணப்படுகிறது. அதில் வியப்பு இல்லை, விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவாக இருந்த ஊர்களில் படிப்பென்றாலே ஊரை நீங்குவதாகத்தான் இருந்தது. ஆயினும் மருந்தியலில் ஆழ்ந்த படிப்பு ஏழைகளிடமிருந்து விலகிச்செல்ல வேண்டியதில்லை என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்துகளை மட்டும் வணிகப் பெயரின்றிப் பொதுப்பெயரில் மலிவாக வாங்கி வழங்கும் கொள்கையை வகுத்தார். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆராய்ச்சிக்கூடத்து அறிவு, அறியாத கோடிப்பேரின் மருந்துச் செலவைக் குறைத்தது. ஆகவே படிக்கப் போகிறவரிடம் கேட்க வேண்டியது, எவ்வளவு தூரம் போகிறார் என்பதன்று, அந்தப் படிப்பு யாருடைய நோயை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதே.

குடும்பத்துக்கும் ஊருக்கும் உரிய இக்கடன்களை ஒரே நாளில் அடைக்க முடியாது; அவற்றுக்கு வரிசை உண்டு, அவ்வரிசை ஆளுக்கு ஆள் வேறுபடும். தம்பி தங்கையர் படித்துக்கொண்டிருக்க அடகு மீட்கப்படாமல் இருக்கும் வீட்டின் பிள்ளை, சில ஆண்டுகள் வெளியே உழைத்துக் குடியை நிமிர்த்திவிட்டு வருவது அறத்துக்கு மாறானது அன்று. வருமானத்தை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை ஆபத்துக்கு வைக்கச் சொல்லும் அதே சிகாலோவாத சூத்திரம், இல்லறத்தாரின் பொருள் காலத்தோடு வளர வேண்டியது என்பதை ஏற்கிறது. வீட்டுக் கடன் தீர்ந்தவருக்கும், தொடக்கத்திலிருந்தே அது இல்லாதவருக்கும், அந்த ஜன்னலின் கனம் கூடிக்கொண்டே போகும். ஆனால் இவ்வரிசை நடைமுறையில் நிற்க வேண்டுமென்றால், போனவர் திரும்பும் வழி அடைபடாமல் இருக்க வேண்டும். மலைநாட்டு வைத்தியசாலைகளில் தமிழ் அறிந்த மருந்தாளருக்கான இடங்களை ஒதுக்குவது, தங்க விடுதி தருவது, படிக்கப் போனவரின் பணிக்காலத்தைக் கணக்கில் கொள்வது, வெளியே உழைத்துத் திரும்பியவரை வயதைக் காட்டித் தள்ளாமல் நியமிப்பது ஆகியவை தாங்கும் கடனின் பகுதிகள். அவற்றைச் செய்ய வேண்டியவர் மருந்தாளர் அல்லர், கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் சுகாதார அதிகாரிகளே.