அபராதமும் அறமும்

அன்றாட வாழ்வின் சிறு நிகழ்ச்சிகளே நம் ஒழுக்கத்தை அளந்து காட்டுகின்றன. வரம்பு மீறிய வேகத்தில் வாகனம் ஓட்டியதாக வரும் அபராதச் சலானும் அத்தகையதே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு இக்குற்றத்தைக் கூறுகின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கார் போன்ற இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைக் கட்டிவிடுவதா, மறுத்து வழக்காடுவதா?

நம்மில் பலர் இதனை வரவு செலவுக் கணக்காகவே பார்க்கின்றோம். "கோர்ட்டுக்கு அலைந்தால் ஒருநாள் வேலை கெடும்" என்று கட்டிவிடுவோர் ஒருபுறம். "சாட்சி வரமாட்டார், தப்பிவிடலாம்" என்று மறுப்போர் மறுபுறம். இருசாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: நாம் அவ்வேகத்தில் சென்றோமா, இல்லையா?

சென்றது உண்மையென நம் நெஞ்சறிந்திருக்க, "செல்லவில்லை" என்று உரைப்பது பொய்யாமை என்னும் அணுவிரதத்திற்கு மாறானது. தொகை சிறிது என்பதால் பொய் சிறிதாகிவிடாது. இதில் கொல்லாமையும் அடங்கியுள்ளது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். கண் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்குள் அத்தொலைவு போய்விடும். 60இல் மோதுவதைவிட 80இல் மோதும் ஆற்றல் முக்கால் பங்குக்கும் மேல் மிகுதி. சாலையைக் கடந்த முதியவருக்கோ, கன்றுக்கோ தீங்கு நேரவில்லையெனில் அது நற்பேறேயன்றி நம் நற்செயல் அன்று.

அப்படியாயின், சலான் வந்தவுடன் வாய்மூடிக் கட்டுவதே அறமா? அதுவும் அன்று. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதும் பொய்யே. ஒரே சாட்சி தம் கண்மதிப்பால் "வேகமாகச் சென்றார்" என்று கூறுவது மட்டும் தண்டனைக்குப் போதாது, கருவியால் அளந்திருத்தல் வேண்டும் என அதே 183ஆம் பிரிவு காவல் செய்துள்ளது. அக்கருவிக்குத் தகுதிச் சான்று வேண்டும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என 2021இல் வந்த விதிகள் கூறின. வேறொரு வண்டியின் எண்ணைப் பிழையாகப் படித்து நமக்குச் சலான் வந்திருப்பின், மறுப்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாம். நாம் வாளாவிருந்தால், அதே பிழை வழக்காட வசதியற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநரின் ஒருநாள் வருவாயைப் பறித்துவிடும்.

இடைப்பட்ட நிலையும் உண்டு. வேகமாகச் சென்றது உண்மை; கருவியின் சான்று காலாவதியானதும் உண்மை. இங்கே என் செய்வது? கருவியின் குறையை எழுதித் தெரிவிப்பது பொதுநலம். ஆயினும் அக்குறையை நம் செயலுக்குத் திரையாக்காது தொகையைச் செலுத்துவதே இல்லறத்தார்க்கு அழகு. சட்டம் நம்மை விடுவிக்கக்கூடும், நடந்தது நடந்ததே.

கட்டாமலும் வழக்காடாமலும், ரசீதின்றிப் பாதித் தொகையைக் கையில் திணிப்பது மூன்றாம் வழி. அது நம்மையும் கெடுத்து, வாங்குபவரையும் கெடுக்கும்.

சலான் பெரும்பாலும் வண்டி உரிமையாளரான தந்தையின் பெயருக்கே வரும், ஓட்டியவன் மகனாயிருக்கலாம். அன்று மாலை வீட்டில் "எப்படித் தப்பலாம்?" என்று நாம் முதலில் கேட்கின்றோமா, "நடந்தது என்ன?" என்று கேட்கின்றோமா? எதைக் கேட்கின்றோமோ, அதையே பிள்ளைகள் நம்மிடம் கற்றுக்கொள்வர்.