அறையில் மூன்றாவது ஆள்

நிகோலாய் கே வரைந்த அந்த ஓவியத்தை முதல் தடவை பார்த்தபோது என் கண்ணில் பட்டது தரைதான். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாகப் பதித்த தரை. தொழில் புத்தி, வேறென்ன. அதற்குப் பிறகுதான் ஆட்களைப் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகனையே பார்த்துக்கொண்டிருக்கிற அப்பா. எதிரே கறுப்பு உடையில், முகம் வெளுத்து, பார்வையைத் தாழ்த்தி நிற்கிற மகன். கீழே ஒரு காகிதம் விழுந்து கிடக்கிறது. அவ்வளவுதான். இரத்தம் இல்லை, காவலாள் இல்லை, கத்தி இல்லை. பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு நம் வீட்டு ஹால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

அப்பா, ரஷ்யாவின் ஜார் முதலாம் பீட்டர். 'பேரரசர்' பட்டம் 1721இல்தான் சூட்டிக்கொண்டார். மகன், பட்டத்து இளவரசன் அலெக்ஸி. இடம் பீட்டர்ஹோஃப், ஆண்டு 1718. அந்த ஜூன் மாதத்திலேயே அலெக்ஸி பீட்டர்-பால் கோட்டைச் சிறையில் இறந்துபோனான். அதற்கு முன் சாட்டையால் அடித்து விசாரித்திருந்தார்கள். மரணதண்டனை விதிக்கப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதை நிறைவேற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த நாள் பொல்டாவா போர் வெற்றியின் ஆண்டுவிழா. பீட்டர் அதைக் கொண்டாடினார்.

எனக்குப் பீட்டரைப் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மறைக்க வேண்டியதில்லை. 1697இல் வேறு பெயரில் ஹாலந்துக்குப் போய்க் கப்பல் பட்டறையில் கோடரி பிடித்து வேலை கற்றுக்கொண்ட அரசன் அவர். ரஷ்யாவுக்குக் கடற்படை, எளிமையாக்கப்பட்ட அச்செழுத்து, அறிவியல் கழகம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை அல்லது அவர் தொடங்கிவைத்தவை. 1703இல் ஒரு சதுப்பு நிலத்தைக் காட்டி இங்கே நகரம் வேண்டும் என்றார். கல் போதவில்லை என்றதும், 1714இல் ரஷ்யாவில் வேறெங்கும் கல் கட்டடமே கட்டக் கூடாது என்று ஆணை போட்டார். பீட்டர்ஸ்பர்க்குக்கு வரும் கப்பலும் வண்டியும் கல் கொண்டுவந்தாக வேண்டும். ஒரு அனுமதிக் கடிதத்துக்கு ஆறு மாதம் காத்துக் கிடக்கிற என்னைப் போன்றவனுக்கு இதைப் படிக்கும்போது வாயூறத்தான் செய்கிறது.

அந்த நகரத்துக்காக வருடா வருடம் பல்லாயிரம் பேரைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. ஆட்களை அந்த அளவுக்குக்கூட யாரும் எண்ணி வைக்கவில்லை.

கே இந்தப் படத்தை வரைய ஆரம்பித்தபோது பீட்டர் பிறந்த இருநூறாவது ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அவரும் பீட்டரின் அபிமானிதான். ஆவணங்களைப் படிக்கப் படிக்க அது நிற்கவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். நாட்டு நலன் தகப்பன் பாசத்தைவிடப் பெரியது, அதனால் அந்தக் கொடுமை நியாயம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாராம். கொடுமைக்கு நியாயம் கிடைத்த அதே நேரத்தில் அவர் மனதிலிருந்த இலட்சிய மனிதர் செத்துப்போனார். படம் 1871இல் காட்சிக்கு வந்தது. எழுத்தாளர் சல்திகோவ்-ஷெட்ரின் அதைப் பார்த்துவிட்டுப் பீட்டரின் முகத்தில்தான் துயரத்தைக் கண்டார். அலெக்ஸி அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

இங்கே நான் முரண்டு பிடிக்கிறேன். பீட்டருக்கு வலித்திருக்கும் என்பதை நம்புகிறேன். ஆனால் அதிகாரத்தில் இருப்பவனின் துக்கம் நம்மிடம் இருக்கிற இரக்கத்தில் பாதியை முதல் வரிசையிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. 'பாவம், எவ்வளவு கஷ்டமான முடிவு எடுத்திருக்கார்' என்கிறோம். முடிவு யார் முதுகில் விழுந்ததோ அவனுக்கு மிச்சம் மீதிதான்.

அலெக்ஸியைத் தியாகி ஆக்குகிற உத்தேசமும் எனக்கு இல்லை. ஆட்சிக்கு வந்தால் பீட்டர்ஸ்பர்க்கைச் சாதாரண ஊராக விட்டுவிட்டு மாஸ்கோவில் இருக்கப்போவதாகவும், கப்பல்களே வேண்டாம் என்றும் அவன் பேசியதாக அவனுடைய காதலி அஃப்ரோசினியாவே விசாரணையில் சொன்னாள். 1716இல் ஆஸ்திரியப் பேரரசரிடம் ஓடிப்போய் அடைக்கலம் கேட்டான். தகப்பன் இருபது வருடமாகக் கட்டியதை மகன் ஒரே வருடத்தில் கலைத்திருப்பான் என்ற பயம் கற்பனை அல்ல. என்றாலும் ஒன்று உறுத்துகிறது. திரும்பி வந்தால் தண்டிக்க மாட்டேன் என்று கடவுள் மேல் ஆணையிட்டுக் கடிதம் எழுதியவர் பீட்டர். அதை நம்பித்தான் மகன் இத்தாலியிலிருந்து கிளம்பினான். மாஸ்கோ வந்து சேர்ந்த பிறகு மன்னிப்புக்கு ஒரு நிபந்தனை முளைத்தது: உடந்தையாக இருந்த எல்லாரையும் காட்டிக்கொடுக்க வேண்டும். நாட்டுக்கு எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கில் இந்தக் கடிதத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

நானும் என் நண்பனும் இதைப் பற்றி ஒரு ராத்திரி மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை பேசினோம். அவனும் இஞ்சினியர்தான், ஆனால் என்னைவிடத் தெளிவானவன். "டேய், அப்போ ரோடே போடக் கூடாது, அணையே கட்டக் கூடாதுங்கிறியா? எவனுக்கும் வலிக்காம எவன்டா எதைக் கட்டினான்?" என்றான். என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் அவன் கேள்வியைவிட நாங்கள் இருவரும் பேசிய விதம் மண்டையில் ஓடியது. அவன் சொன்னது: 'கொடுமை செஞ்சாரு, ஆனா நாட்டை உருவாக்கினாரு.' நான் சொன்னது: 'நாட்டை உருவாக்கினாரு, ஆனா கொடுமை செஞ்சாரு.' தகவல் ஒன்றுதான். 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது எதுவோ அது ஜெயிக்கிறது. மூன்று மணி நேரம் நாங்கள் சண்டை போட்டது அந்த ஒரு சொல்லை எங்கே வைப்பது என்றுதான்.

ஓவியத்தில் 'ஆனால்' இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். முதலில் இவன், பிறகு அவன் என்று யாரும் வரிசைப்படுத்தித் தருவதில்லை. கே அந்த அறையிலிருந்து மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். நிஜ விசாரணையில் அப்படித் தனிமை இருந்திருக்காது. மூன்றாவதாக அங்கே இருப்பது பார்க்கிற நாம்தான். நமக்கு உட்கார நாற்காலியும் கிடையாது, போகச் சொல்லவும் ஆள் கிடையாது.

சூரிகோவ் வேறு இடத்தில் நிறுத்துகிறார். 1698இல் ஸ்ட்ரெல்ட்சி என்ற பழைய காவற்படை கலகம் செய்தது. ஐரோப்பாவில் இருந்த பீட்டர் பாதிப் பயணத்தில் திரும்பி ஓடிவந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார். இவர்களும் அப்பாவிகள் அல்ல. 1682இல் இதே படையினர்தான், பத்து வயதுகூட நிரம்பாத பீட்டர் கிரெம்ளினில் இருக்கும்போதே அவருடைய சொந்தக்காரர்களை வெட்டிக் கொன்றவர்கள். சூரிகோவின் 'ஸ்ட்ரெல்ட்சி மரணதண்டனையின் காலை' இந்த முன்கதை எதையும் சொல்லாது. அது நம்மைச் செஞ்சதுக்கத்தின் சேற்றில், கைதிகளுக்கு நடுவே இறக்கிவிடுகிறது. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் கூட்டத்தையெல்லாம் தாண்டி, வலது ஓரத்தில் குதிரைமேல் இருக்கும் பீட்டரை முறைக்கிறான். பீட்டரும் திருப்பி முறைக்கிறார். இரண்டு பார்வைகளுக்கும் நடுவே மனைவிகள், பிள்ளைகள், வண்டிச் சக்கரங்கள்.

இந்தப் படத்தில் யாரும் தூக்கில் தொங்கவில்லை. சும்மா ஒருத்தனையாவது தொங்கவிடுங்கள் என்று ரெபின் யோசனை சொன்னாராம். சூரிகோவ் சுண்ணக்கட்டியால் ஒரு உருவத்தை வரைந்தும் பார்த்தார். வீட்டிலிருந்த ஆயா உள்ளே வந்து, பார்த்து, மயங்கி விழுந்தாள். அழித்துவிட்டார். சூரிகோவே பிற்காலத்தில் சொன்ன கதை இது. அவருக்கு வேண்டியிருந்தது சாவு அல்ல, சாவுக்கு முந்தைய சில நிமிடங்களில் அந்த மனிதர்களிடம் இருந்த மிடுக்கு. தவறு செய்தவனுக்கும் அது உண்டு என்று வரைவது, குற்றமில்லாதவனுக்காகப் பரிதாபப்படுவதைவிடக் கஷ்டமான வேலை. எனக்கு அது இன்னமும் கைவரவில்லை.

இந்த ஓவியம் வைக்கப்பட்ட கண்காட்சி பீட்டர்ஸ்பர்க்கில் திறந்தது 1881 மார்ச் 1. அதே நாளில் அதே ஊரில் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டு வீசிக் கொல்லப்பட்டார். 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்த சீர்திருத்தவாதிப் பேரரசர். பத்து வருடத்துக்கு முன் கேயின் படத்தை விலைக்குக் கேட்டவரும் அவர்தான். ட்ரெட்டியாகோவ் முந்திக்கொண்டதால் கே அவருக்கு ஒரு பிரதி வரைந்து கொடுத்தார். அரண்மனைச் சுவரில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்திருக்கிறேன்.

சிலைக்கு வருகிறேன். நெவா நதிக்கரையில் பாய்கிற குதிரைமேல் பீட்டர். 1782இல் திறந்தது, ஃபால்கொனே செய்தது. எல்லாரும் குதிரையைப் பார்க்கிறார்கள். நான் பீடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இடிக்கல் என்று பெயர். கிட்டத்தட்ட 1,500 டன் என்று மதிப்பிடப்பட்ட ஒற்றைப் பாறை. பின்லாந்து வளைகுடா ஓரத்துச் சேற்றிலிருந்து அதைத் தோண்டியெடுத்து, நிலம் உறையும் குளிர்காலம் வரை காத்திருந்து, உலோகம் வேய்ந்த பள்ளத் தண்டவாளங்களில் வெண்கல உருண்டைகளைப் போட்டு, அதன்மேல் உருட்டினார்கள். இன்றைய பால் பேரிங்கின் அதே கொள்கை. சுமார் 400 பேர் இழுத்தார்கள். சைகை கொடுக்கப் பாறையின் மேலேயே முரசடிப்பவர்கள் நின்றார்கள். கல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே சிற்பிகள் அதைச் செதுக்கிக்கொண்டும் இருந்தார்கள். படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. அந்தப் பீடத்தில் இரண்டே பெயர்கள்: முதலாம் பீட்டருக்கு இரண்டாம் கேத்தரின்.

புஷ்கின் 1833இல் எழுதிய 'வெண்கலக் குதிரைவீரன்' இந்தச் சிலையைப் பற்றியது. 1824 நவம்பரில் நெவா நான்கு மீட்டருக்கு மேல் ஏறி ஊருக்குள் வந்தது. யெவ்கேனி என்ற சின்னக் குமாஸ்தாவின் காதலி அதில் போய்விடுகிறாள். அவன் புத்தி கலங்கி அலைந்து, ஒருநாள் சிலைக்கு முன் நின்று முஷ்டியை உயர்த்துகிறான். இப்படித் தாழ்ந்த இடத்தில் ஊரைக் கட்டியவன் நீதானே என்கிற கோபம். சிலை துரத்துகிறது. கடைசியில் ஒரு தீவில் அவன் பிணம் கிடக்கிறது. முதலாம் நிக்கலஸ் தானே கையெழுத்துப் பிரதியில் குறி போட்டுத் திருத்தச் சொன்னார். புஷ்கின் உயிரோடு இருந்தவரை அது முழுசாக வெளிவரவில்லை. கவிதையின் தொடக்கம் நகரத்தின் மேல் உண்மையான காதலோடு எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம். புஷ்கினுக்கு அந்த ஊர் உயிர். பிறகு யெவ்கேனியின் கதை வருகிறது. இரண்டையும் இணைக்கிற பாலம் எதையும் அவர் கட்டவில்லை. மொழியில் வேலை செய்தவர், 'ஆனால்' போட வேண்டிய இடத்தில் வெள்ளத்தை விட்டுவிட்டார். (ஊருக்கு வெள்ளத் தடுப்பணை, சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2011இல்தான் முடிந்தது. அடித்தளத் தவறு ஒன்றைச் சரிசெய்ய முந்நூறு ஆண்டுகள் என்று இதை எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.)

மூன்று வருடங்களுக்கு முன் நான் இருந்த சைட்டில் வங்காளதேசத் தொழிலாளி ஒருவரின் கால் நசுங்கியது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அரை நாள்தான் வேலை நின்றது. எங்கள் மேலாளர் மோசமானவர் அல்ல, அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஒப்படைப்பு விழாவுக்கு ஸ்லைடு தயாரித்தவன் நான். 'குறித்த நாளில் முடிந்தது' என்று பெரிய எழுத்தில் போட்டேன். கீழே தொழிலாளர்களுக்கு நன்றி என்று ஒரு எண்ணிக்கையும் போட்டேன். அந்த எண்ணிக்கையில் அவர் உண்டா இல்லையா என்று எனக்கு இப்போது நினைவில்லை. யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஸ்லைடில் இடமும் இருந்தது.

ஸ்டாலின் காலத்தில் 'முதலாம் பீட்டர்' படமாக வந்தது, 1937இலும் 38இலும் இரண்டு பாகமாக. மூலம் அலெக்ஸி டால்ஸ்டாயின் நாவல். இதே டால்ஸ்டாய் 1918இல் எழுதிய கதையில் பீட்டர் கொடூரமானவர். இருபது வருடத்துக்குள் அந்தக் கொடூரம் தேவையான உறுதியாகிவிட்டது. அலெக்ஸி வெறும் துரோகி. சேர்காசோவ் அலெக்ஸியாக நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் படம் முழுக்க அந்த 'ஆனால்' எங்கே விழும் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த வருடங்களில் மாஸ்கோவில் எத்தனை அறைகளில் என்ன விசாரணை நடந்துகொண்டிருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

1991இல் ஷெம்யாகின் இன்னொரு பீட்டரைச் செய்தார். குதிரை இல்லை. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்த பெரிய உடம்பு, மொட்டையான சின்னத் தலை, நீண்ட விரல்கள். ராஸ்ட்ரெல்லி பீட்டர் உயிரோடு இருக்கும்போதே எடுத்த முக அச்சிலிருந்து அந்த முகம். வைத்திருக்கும் இடம் பீட்டர்-பால் கோட்டை, அலெக்ஸி செத்த அதே கோட்டை. நான் நேரில் போனதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் மடியில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், குழந்தைகளைத் தூக்கி வைக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்க, முழங்காலும் விரல்களும் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கின்றன.