விதியா, விதிமுறையா?

விளையாட்டில் ஒருத்தர் கழுத்தில் அடிபட்டு, கை கால் முடங்கிப் போனால் நாம் என்ன சொல்கிறோம்? "என்ன பண்றது, அவன் தலையெழுத்து!" இப்படிச் சொல்வது பக்தியா, இல்லை பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா?

பொறியியல் படிப்பவன் என்பதால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நம் கழுத்தெலும்புக்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. மோதலின் வேகத்தை அந்த வளைவும் தசைகளும் வாங்கிக்கொள்ளும். தலையைக் கொஞ்சம் குனிந்தால் வளைவு போய்க் கழுத்து நேராகிவிடும். அப்போது உச்சந்தலையில் மோதினால், பாரம் தாங்காத ஒல்லித் தூண் மாதிரி கழுத்து மடங்கும். உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்கும்.

தலைக்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கக் காற்பந்தில், 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டித் தடுப்பதற்குத் தடை வந்தது. அந்த ஆண்டு கழுத்து முறிந்து கை கால் முடங்கியவர்கள் 34 பேர். 1984-ல் 5 பேர். விதிமுறையும் பயிற்சியும் மாறின, 'தலையெழுத்து'ம் மாறிவிட்டது!

அப்படியானால் விதி என்று ஒன்று இல்லையா? இருக்கலாம். ஆனா, நம்ம கடமையைச் செய்யாம அதைப் பத்திப் பேச நமக்கு உரிமை கிடையாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் அடிபடத்தான் செய்யும். தமிழ்நாட்டின் எஸ். ராமகிருஷ்ணனும் பொறியியல் மாணவர்தான். 1975-ல், நான்காம் ஆண்டு படிக்கும்போது, கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். அங்கே உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

"இது என் விதி, இங்கிருந்து தொடங்குகிறேன்" என்று அடிபட்டவர் சொன்னால் அது துணிவு. வேடிக்கை பார்க்கும் நாம் சொன்னால் அது வெறும் சாக்கு.

பிறை வட்டாரத்தில் கபடி, காற்பந்துப் போட்டி நடத்தும் நண்பர்களே, தலையை முன்னால் கொடுத்துப் பாயக்கூடாது என்று முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். விழுந்தவர் "கழுத்து வலிக்குது, கை மரத்துப் போச்சு" என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 999-க்கு அழையுங்கள்.

கடவுள் வாழ்த்துப் பாடித்தான் போட்டியைத் தொடங்குகிறோம். நல்லது. அதோடு இந்த விதிமுறையையும் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொடங்கலாமே!