கடைசியாய் நடப்பவருக்கு நாம் கடன்காரரா?



ஞாயிறு முதற்பூசை முடிந்து கோயில் வாசலில் நீங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கையில், முதுகில் பையும் கையில் ஊன்றுகோலுமாய்ச் சிலர் அவசரமாய்ப் புறப்படுவதைக் கண்டிருப்பீர்கள். இதை எழுதுகிறவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வாரந்தோறும் ஏதாவது ஒரு மலைக்குப் போய் ஏறி இறங்கி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது எங்கள் வழக்கம். சேலத்தில் பிறந்தவனுக்கு மலைக்கு என்ன குறை? வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, தென்மேற்கே கஞ்சமலை. சற்றுத் தள்ளிப் போனால், 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை. நாமக்கல் ஊருக்கு நடுவே ஒரே பாறையாய் நிற்கும் கோட்டைக்குச் சின்னப் பிள்ளைகளும் ஓடி ஏறிவிடுவார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஜனங்கள் சாரி சாரியாய்ப் படியேறும் நைனாமலை ஒரு பக்கம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே கொல்லிமலை இன்னொரு பக்கம். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனைக்கும் மலை உண்டு.

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். தறி நெய்கிறவர், ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் சிநேகிதர்கள். நாங்கள் பூசை கண்டு வரும்வரை அவர்கள் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏறுமுன் மலையடி சேர வேண்டுமென்று தெரிந்தும், ஒருநாளாவது முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நாங்கள் யாருக்காகவும் காத்திருக்கும் முன்பே, எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

இனி, நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன். அன்றிலிருந்து என் மனதில் ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை கஞ்சமலைக்குப் போனோம். கருத்த இரும்புக்கல் காலடியில் உருளும் மலை அது. அடிவாரத்தில் சித்தர் கோயில். அங்கே ஒரு மூலிகைக் குச்சியால் கிளறிய சோற்றைத் தின்று கிழவர் ஒருவர் இளைஞரானார் என்று ஒரு பழங்கதை சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் மூத்த பெரியவர், வயது எழுபதை எட்டப் போகிறவர், "அந்தக் குச்சி ஒண்ணு கெடைச்சா எனக்கும் ஒடிச்சுக் குடுங்க கண்ணு" என்று பிள்ளைகளிடம் வேடிக்கை பேசியபடி ஏறத் தொடங்கினார்.

மலையேறுகிற கூட்டம் எதுவும் ஒரே கூட்டமாய் நெடுநேரம் இராது. அரைமணிக்குள் இளங்கால்கள் முன்னே போய்விட்டன. நாங்களும் நல்ல மனிதர்கள்தானே. ஒரு மரநிழல் கண்டதும் உட்கார்ந்து பெரியவருக்காகக் காத்திருந்தோம். தண்ணீர் குடித்தோம், கடலை உருண்டை தின்றோம், சிரித்துப் பேசினோம். பத்து நிமிஷம் பொறுத்து அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வந்ததும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "வந்துட்டீங்களாய்யா, சரி, கெளம்பலாம்" என்று எழுந்து நடந்தோம்.

இன்னும் இரண்டு தடவை இப்படியே. மூன்றாம் தடவை அவர் ஒரு பாறையில் கைவைத்து நின்றுகொண்டு, "நீங்க போங்க கண்ணு, நான் மெல்ல வந்தர்றேன்" என்றார். போய்விட்டோம். உச்சியில் காற்று நன்றாயிருந்தது. கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவர் பங்குக்குப் புளிச்சோற்றை இலையில் மடித்து வைத்தோம்.

அவர் வரவில்லை. இறங்கிப் பார்த்தால் அந்தப் பாறையருகிலும் இல்லை. இரண்டு மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே தேடினோம். கடைசியில் ஆடு மேய்க்கிற ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். தடம் மாறிப் போய், காய்ந்த ஓடையில் கால் பிசகி உட்கார்ந்திருந்தவருக்கு அவள்தான் தன் தூக்குவாளித் தண்ணீரைக் கொடுத்து, ஆடுகளை விட்டுவிட்டு அருகிலேயே இருந்திருக்கிறாள். எங்களை ஏற இறங்கப் பார்த்து, "உங்க கூட வந்தவருதானுங்க?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரோ எங்களைக் கண்டதும், "உங்க ஞாயித்துக்கெழமைய நான் கெடுத்துப்போட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாய்த் தூங்கியிருப்பேன்.

மறுவாரம் எங்களுக்குள் வாதம் நடந்தது. ஆசிரியர் சொன்னார்: "அவரே போகச் சொன்னார். புத்தி தெளிந்த ஒருவர் தாமே கொடுத்த விடையை நாம் ஏற்றுக்கொண்டதில் குற்றமென்ன? காத்திருப்பது தயவு. தயவைச் செய்தால் புண்ணியம், செய்யாவிட்டால் பாவமாகிவிடுமா?"

நல்ல கேள்வி. தயவு வேறு, கடன் வேறு என்று ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லாரும் படித்ததுதான். பிச்சை கேட்பவனுக்கு ஒரு ரூபாய் கொடுக்கலாம், ஐந்து ரூபாயும் கொடுக்கலாம். கூலிக்காரனுக்குப் பேசிய கூலியைக் குறைத்தால் அது திருட்டு. அப்படியானால், பின்தங்கியவருக்காக நிற்பது இவற்றில் எந்த வகை?

அது கடனேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம், அவரை "வாருங்கள்" என்று அழைத்தவர்கள் நாங்கள். தனியே வருவதானால் அவர் அந்த மலைக்கே வந்திருக்கமாட்டார். எங்களை நம்பித்தான் வந்தார். நம்மை நம்பி ஒருவர் ஓரடி எடுத்து வைத்த மாத்திரத்தில், திரும்பி வீடு சேரும்வரை அவருக்கு நாம் பிணையாகிவிடுகிறோம். அந்த அம்மாள் கேட்டதும் அதைத்தானே? "கூட வந்தவர்" என்றாள். கூட நடப்பதால்தான் கூட்டம். முன்னே போனவர்கள் ஆளுக்கொரு திசையில் நடந்த வழிப்போக்கர்கள்.

அவரே விடை கொடுத்தாரே என்ற நியாயத்தையும் எண்ணிப் பார்த்தேன். அந்த விடை எப்படிப் பிறந்தது? மூன்று முறை அவர் வந்து சேர்ந்தார். மூன்று முறையும் நாங்கள் எழுந்துவிட்டோம். கவனியுங்கள்: முன்னே போனவர்களுக்கு முப்பது நிமிஷ ஓய்வு, அவருக்கு ஒரு நிமிஷமும் இல்லை. களைத்தவனுக்குக் குறைவாகவும் களைக்காதவனுக்கு நிறைவாகவும் ஓய்வைப் பங்கிட்டுவிட்டு, அதற்குக் காத்திருத்தல் என்று பேரும் வைத்துக்கொண்டோம். தாம் பாரமாயிருப்பதாக ஒருவரை உணரச் செய்தபிறகு அவர் வாயிலிருந்து வருகிற "நீங்கள் போங்கள்" என்பதைச் சம்மதம் என்று எப்படி எழுதிக்கொள்வது? நம் வீடுகளிலும் இந்தச் சொல்லைக் கேட்கிறோம். கலியாண வீட்டுக்குக் கிளம்புகையில் பாட்டி, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு எதுக்கு" என்கிறாள். நாமும் சட்டென்று நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்குச் சௌகரியமாயிருக்கிறது.

ஆதியாகமத்தில் ஏசாவும் யாக்கோபும் நெடுங்காலப் பகைக்குப் பின் தழுவிக்கொள்கிற இடம் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த நாலு வரிகளை நாம் அவ்வளவாய்ப் படிப்பதில்லை. சேர்ந்து போகலாம் வா என்று ஏசா கூப்பிடுகிறான். யாக்கோபு, பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், ஆகையால் அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் தக்கபடி நான் மெல்ல வருகிறேன் என்கிறான். கூட்டத்தின் வேகத்தை அங்கே நிர்ணயிக்கிறது கைக்குழந்தையும் கறவையாடும். பாதை சரியில்லாத மலையூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிறவர்களும் அப்படித்தான். நாலு பேர் தோள் மாற்றி மாற்றிச் சுமந்து வருவார்கள்; எப்போது விரைவது, எப்போது நிற்பது என்பதைத் தூளியில் கிடப்பவரின் முனகல் சொல்லும்.

எழுபது வயதில் மலைக்கு வருவானேன், வீட்டில் இருக்கலாமே என்றும் ஒருவர் முணுமுணுத்தார். அவருக்குக் கொல்லிமலையையே பதிலாய்க் காட்டினேன். ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மாது, நம் சபையைச் சேர்ந்தவரல்லர், பாப்டிஸ்டு மிஷன்காரர். அவருடைய கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். அந்த அம்மாளோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எழுபதை நெருங்கும் வயதில், மறுபடி கொல்லிமலைக்கு ஏறினார். மட்டக்குதிரை மேலும் கோலூன்றியும் மலையூர்களுக்குப் போய்க்கொண்டேயிருந்து, 1974-ல் தமது 95-ம் வயதில் காலமானார். அவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தால் யாருக்கு நஷ்டம்?

மலையேறுவது வீண் உல்லாசம் என்று நினைக்கிற பெரியோரும் நம் பங்கில் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை: 1930-ல் நம் சேலம் மேற்றிராசனத்தை ஏற்படுத்திய பதினோராம் பத்திநாதர் பாப்பரசர், பாப்பரசராகுமுன் பேர்பெற்ற மலையேறி. 1889-ல் ஆல்ப்ஸ் மலையிலுள்ள மோந்தே ரோசா சிகரத்தைக் கடினமான கிழக்கு முகமாய் ஏறினார். மலையேறிகளுக்குப் பாதுகாவலராக அர்ச். பெர்நார்து என்பவரை 1923-ல் நியமித்ததும் அவரே.

ஆனால் எங்களைப் போன்ற சிநேகிதர் கூட்டத்துக்கு இன்னும் கிட்டத்தில் நிற்பவர் 2025 செப்டம்பர் 7-ந் தேதி அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்ற பியர் ஜியோர்ஜியோ பிரஸ்ஸாத்தி. தூரின் பட்டணத்துப் பத்திரிகை முதலாளியின் மகன். 1924-ல் தோழர்களும் தோழிகளுமாய் ஒரு மலையேறும் கூட்டம் சேர்த்து, அதற்குப் "போக்கிரிகள்" என்கிற மாதிரி ஒரு கேலிப்பேர் வைத்தார். வார நாட்களில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரராய்ச் சேரி சேரியாய் அலைந்தவரும் அவர்தான். 1925-ல், 24-ம் வயதில், இளம்பிள்ளை வாதம் கண்டு சில நாட்களுக்குள் இறந்தார். சாவதற்கு முந்தின நாள், மரத்துப்போகும் கையால் ஒரு சீட்டில் கிறுக்கியது என்ன? ஓர் ஏழை நோயாளிக்குச் சேர வேண்டிய ஊசிமருந்தைப் பற்றியும், இன்னொருவரின் அடகுச் சீட்டைத் தம் செலவில் புதுப்பிப்பது பற்றியுமே. உச்சி நோக்கி ஏறுகிறவர் எத்தனையோ பேர். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, பின்னால் யார் வருகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறவரைச் சிநேகிதராய்ப் பெறுவது பாக்கியம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தனல்ல. எப்போதும் மெதுவாய் நடப்பவரின் நடைதான் நடை என்றால், இருபது வயதுப் பிள்ளைகள் மூன்றாம் வாரமே வரமாட்டார்கள். அவர்கள் காலுக்கும் ஆசையுண்டு. அதுவும் தேவன் கொடுத்த கால்தான். கடினமான மலைக்கு எல்லாரையும் இழுத்துப் போவது அன்பாகாது. பின்தங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு: மூச்சு வாங்குகிறது என்றால் வாங்குகிறது என்று சொல்ல வேண்டும். மரியாதைக்காக மறைத்தால் கூட்டம் முழுவதையும் ஆபத்தில் இழுத்துவிடும்.

ஆபத்து என்பது வெறும் பேச்சல்ல. 2018 மார்ச் 11-ந் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேறிகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னையிலிருந்து ஒரு கூட்டம். மற்றது நமக்கு அண்டையிலுள்ள ஈரோடு, திருப்பூர் பக்கத்துச் சிநேகிதர் கூட்டம். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. அதே வருஷம் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைக் குறித்து, வழிகாட்டியோடு போக ஏற்பாடு செய்தது. காடு காய்ந்து கிடக்கும் தீக்காலத்தில் அந்தப் பாதைகளைச் சாத்திவிடுகிறார்கள். இந்த அனுமதிச் சீட்டும் ஆள் கணக்கும் தொல்லை என்று முன்பெல்லாம் நானும் சலித்துக்கொண்டதுண்டு. கஞ்சமலை ஓடையில் பெரியவரைக் கண்ட நாளிலிருந்து சலிப்பதில்லை. போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று ஒருவர் எண்ணுகிறாரே, அதுவே பெரிய காரியம்.

எங்கள் கூட்டத்தில் இப்போது சில ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு வேகமாய் நடப்பவர்களுக்கு, மற்றவை எல்லாருக்கும். எந்த வாரம் எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எல்லாருக்குமான வாரத்தில், கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் முறைவைத்துக் கடைசியில் நடப்பான். அவனுக்கு முன்னே யாரும் விடைபெற்றுக்கொள்ள முடியாது. ஓய்வுக்கு நின்றால், கடைசி ஆள் வந்து உட்கார்ந்தபிறகே பத்து நிமிஷக் கணக்கு ஆரம்பமாகும். இதற்கு ஒத்துக்கொள்ளாமல் இருவர் விலகிப் போனார்கள். அவர்களை வழியில் கண்டால் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

அந்த ஆட்டுக்கார அம்மாளுக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு இரண்டு தடவை கஞ்சமலைக்குப் போனோம், காணோம். மேய்ச்சலுக்கு வேறு பக்கம் போயிருப்பாள் என்றார்கள். சேலை இன்னும் ஆசிரியர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

பெரியவரின் கால் ஆறச் சித்திரை ஆயிற்று. இனி வரமாட்டார் என்றே நினைத்திருந்தோம். மழைக்குப் பின் நாமக்கல் கோட்டைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடித்து வெளியே வந்தபோது, டீக்கடைப் பெஞ்சில் மற்றவர்களோடு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன கண்ணு, இன்னிக்குப் பிரசங்கம் ரொம்ப நீளமோ?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். நான், "இருங்கய்யா, டீ குடிச்சிட்டே போகலாம்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.