காத்திருக்கும் நாட்களுக்கும் காரணம் வேண்டும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் நாட்காட்டியில் சிகிச்சை நடக்கும் நாட்கள் குறைவு, எதுவும் நடக்காத நாட்களே மிகுதி. சிறுநீர்ப் பாதை வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தபின் பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். கட்டி தசையைத் தொடாமல், ஆனால் உள்பூச்சைத் தாண்டி இறங்கியிருந்தால், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடியும் சுரண்டிப் பார்ப்பார்கள். பிறகு பி.சி.ஜி. மருந்து, வாரம் ஒரு முறையாக ஆறு வாரம். அது பலித்ததா என்று மூன்றாம் மாதம் கேமரா வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பலித்திருந்தாலும் சிலருக்குப் பராமரிப்புச் சுற்றுகள் மூன்றாண்டு வரை நீளும். இந்த இடைவெளிகளில் இருப்பவரிடம் எல்லாரும் சொல்வது, "பொறுமையா இருங்க" என்பதுதான். அந்தச் சொல் போதாது. எதற்காகப் பொறுக்கிறோம் என்பது தெரியாதவரைப் பொறுமையாக இருக்கச் சொல்வது நியாயமும் ஆகாது.

ஏனென்றால் எல்லாக் காத்திருப்பும் ஒன்றல்ல. பி.சி.ஜி. என்பது பிறந்த குழந்தையின் கையில் காசநோய்க்காகப் போடும் ஊசியில் உள்ள அதே வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெத்தும் கெரேனும் 1908 முதல் 13 ஆண்டுகள் வளர்ப்பு ஊடகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அது உதவும் என்று கனடாவின் மொராலெஸ் 1976-இல் ஒன்பது நோயாளிகளைக் கொண்டு எழுதினார். சுரண்டிய புண் ஆறுமுன் அதைச் செலுத்தினால் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் குறைந்தது இரண்டு வார இடைவெளி. பார்ப்பதற்குச் சும்மா இருக்கும் நாட்கள்தான். ஆனால் அவையும் சிகிச்சையே. மருந்து கிளப்பிய அழற்சி அடங்க எடுக்கும் காலமும் அப்படித்தான்.

தசைக்குள் இறங்கிவிட்ட நோயின் கதை வேறு. அறுவைக்குமுன் கீமோ கொடுத்துக் கழியும் மாதங்களுக்கு அர்த்தம் உண்டு: 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 77 மாதம், நேரே அறுவைக்குப் போனவர்களுக்கு 46. அதே மாதங்கள் படுக்கை கிடைக்காமலோ, காப்பீட்டு ஒப்புதல் வராமலோ கழிந்தால் அது வெறும் இழப்பு. கண்டறிந்த நாளிலிருந்து 12 வாரத்துக்குமேல் அறுவை தள்ளிப்போனவர்களுக்கு முடிவுகள் மோசமாக இருந்ததைப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது எதென்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள்.

இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பார்கள். நம் வீடுகளில் மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று முடிவெடுப்பது அன்பினால்தான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பி.சி.ஜி. உள்ளே போனபின் வரும் விடாத காய்ச்சலை உடனே சொல்ல வேண்டும் என்பது அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்? காரணம் தெரியாதபோது மனம் தானாக ஒரு காரணத்தைக் கற்பிக்கிறது. அது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, படுக்கை காலியாகவா போகிறது என்ற கேள்வியில் வலு உண்டு. படுக்கை காலியாகாதுதான். ஆனால் தாமதம் உடம்புக்காக அல்ல என்று தெரிந்தவர் வேறு மருத்துவமனையை விசாரிக்கலாம், இரண்டாம் கருத்துக் கேட்கலாம். தேவையான இடைவெளி என்று தெரிந்தவர், இந்நோய்க்குப் பெருங்காரணமான புகையை அந்த நாட்களிலேயே விட்டொழிக்கலாம். அப்போதும் மூன்றாம் மாதக் கேமராவை நினைத்து இரவில் தூக்கம் கெடும்; அதை எந்த விளக்கமும் மாற்றாது.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மைதான். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்து வர வேண்டிய தேதியை எப்படியும் எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இடைவெளி எதற்கு என்று ஒரு வரி, எந்த நாளைத் தாண்டினால் அது தாமதம் என்று இன்னொரு வரி எழுத அரை நிமிடம் போதும்.