கோட்டும் முந்தானையும்

அம்மாவை எலும்பு முறிவு வார்டில் சேர்த்திருந்தோம். ஒரு காலை, நீல நிற ஸ்க்ரப்ஸ் அணிந்த இளம்பெண் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாங்க?” என்று கேட்டேன். “நான்தாம்மா டாக்டர்” என்றார். முந்தின இரவு அதே நீல உடையில் வந்த இளைஞரை யோசிக்காமல் “டாக்டர்” என்று அழைத்திருந்தேன். வகுப்பில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறவள் நான்.

சிஸ்டர் என்பது இழிவான சொல் அல்ல. செவிலியர் இல்லாமல் வார்டு ஒரு நாள்கூட நடக்காது. செய்யும் வேலையைப் பார்க்காமல் பாலினத்தைப் பார்த்ததுதான் என் பிழை.

மருத்துவர் என்ன உடுத்த வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர்கள் கறுப்புக் கோட்டுதான் அணிந்தார்கள். கிருமி பற்றிய அறிவு பரவிய பிறகே வெள்ளை வந்தது. சுத்தத்தின் அடையாளமாக வந்த அந்தக் கோட்டின் நீளக் கையும் கிருமியைச் சுமக்கலாம் என்று, 2007இல் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ கூடாது என்றார்கள். ஆணோ பெண்ணோ, கையை நன்றாகக் கழுவ முடிகிறதா என்பது மட்டுமே அந்த விதியின் கேள்வி.

2023இல் ஹரியானா அரசும் தன் மருத்துவமனை ஊழியர்களுக்கு உடை விதி அறிவித்தது. நீள நகம் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. புண்ணைத் தொடும் விரல் அது. ஜீன்ஸ் எல்லோருக்கும் தடை. ஆனால் பாவாடை, பலாசோ, ஒப்பனை என்று பட்டியல் நீண்டது பெண்ணுடல் மீதுதான். உதட்டுச் சாயத்தால் எந்த நோயாளிக்குக் காய்ச்சல் வந்தது?

இன்னொன்றையும் யோசிக்கிறேன். அடக்கம் என்று சொல்லி நம் தோளில் போடப்படும் துப்பட்டாவும் முந்தானையும் கட்டிலுக்குக் கட்டில் உரசிச் செல்லும் துணிகள். கிருமிக் கணக்குப்படி, வார்டுக்குள் முதலில் கழற்றவோ இழுத்துச் செருகவோ வேண்டியவை அவைதான். நோயாளியின் நலனும் பெண்ணின் அடக்கமும் மோதும் இடத்தில் ஒரு விதி எதன் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மறுநாள் அந்த மருத்துவர் வந்தபோது, சட்டைப் பைக்கு மேலே ‘டாக்டர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையைக் குத்தியிருந்தார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என்னைப் போன்றவர்களுக்காகக் குத்திக்கொண்டது அது.